ஒளியை முந்திய பன்னிரண்டு மீட்டர்

மலைக்குள் வேலை செய்கிறவர்களில் அவருடைய சொந்தப் பெயர் தெரிந்தவர் சம்பளப் பட்டியல் போடுகிற குமாஸ்தா ஒருவர்தான். மற்ற அத்தனை பேருக்கும் அவர் முடிச்சு. மரியாதை உள்ளவர்கள் முடிச்சண்ணே என்பார்கள். அவசரத்தில் இருப்பவர்கள் வெறும் முடிச்சு என்பார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் திரும்பிப் பார்ப்பார்.

கேபிள் இழுப்பது, கட்டுவது, முனையில் கனெக்டர் போடுவது, இதுதான் வேலை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. பதினாலு வயதில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கப் போனார். பிறகு கட்டடங்களுக்கு ஒயரிங். முப்பத்திரண்டு வயதில் இந்த மலைச் சுரங்கத்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தவர் பத்தொன்பது வருடமாக இங்கேயே இருக்கிறார். அவர் கட்டிய கேபிள் வரிசை எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை மாதிரி இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. கேபிளைச் சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் டைகளின் மிச்ச முனையை நகம் வெட்டுவது போல ஒட்ட வெட்டியிருப்பார். தொங்கிக்கொண்டு நிற்கிற ஒரு கேபிளைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. "அண்ணே வீட்டுல மீசைக்குக்கூட டை போட்டுத்தான் தூங்குவார் போல" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

பத்தொன்பது வருடமும் ஒப்பந்தம்தான். பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் வீட்டில் உட்காருவது, மறுபடி முதலிலிருந்து கையெழுத்து. இந்த வருடம்தான் நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியலில் பெயர் வந்திருந்தது. ஐந்து பேரில் மூன்றாவது. தன் பெயரிலேயே வேறு எவனாவது மலைக்குள் இருக்கிறானா என்று இரண்டு நாள் விசாரித்த பிறகுதான் வீட்டில் சொன்னார். மாதக் கடைசியில் ஆணை கைக்கு வந்துவிடும்.

அந்தப் பட்டியல் ஒட்டிய பலகையிலேயே ஓரம் சுருண்டு போன இன்னொரு தாளும் உண்டு. சிவப்பு வில்லை மாட்டிய கேபிளை மூன்று அதிகாரிகள் கையெழுத்து இல்லாமல் தொடக்கூடாது, தொட்டால் பதிவேட்டில் எழுதியே ஆகவேண்டும், மீறினால் அன்றைக்கே வெளியே. அப்படி வெளியே போன மூன்று பேரை முடிச்சுக்கு நேரிலேயே தெரியும்.

மலைக்குள் நடக்கிற வேலை இதுதான். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் எந்திரம் கண்ணுக்குத் தெரியாத துகள்களைப் பூமிக்குள்ளாகவே எறியும். மண்ணும் பாறையும் அந்தத் துகளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நேராகத் துளைத்துக்கொண்டு வந்து, மலைக்குள் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிற ஒரு பெட்டியில் எப்போதாவது ஒன்று படும். பட்டது என்கிற செய்தி கேபிள் வழியாகக் கடிகார அறைக்குப் போகும். எறிந்த நேரம், பட்ட நேரம், நடுவில் உள்ள தூரம் மூன்றும் தெரிந்தால் வேகம் தெரிந்துவிடும். இவ்வளவு தூரத்தைக் கடக்க ஒளிக்கே நொடியில் முந்நூற்றில் ஒரு பங்கு நேரம் ஆகும். துகள் அதைவிடக் கொஞ்சமாவது முந்தி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், உலகத்தில் உள்ள அத்தனை பாடப் புத்தகத்தையும் திருப்பி எழுத வேண்டும்.

முந்திவிட்டது என்றுதான் ஆறு மாதமாக மலைக்குள் முணுமுணுப்பு. எவ்வளவு முந்தியது என்பதை மட்டும் பெரியவர்கள் வாயைத் திறந்து சொல்லவில்லை. நாளைக் காலை பதினோரு மணிக்குப் பத்திரிகைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள், அதில் அறிவிப்பு.

இதில் அதிகம் துள்ளியது முடிச்சின் மனைவியுடைய தம்பி. மலை வாசல் வரைக்கும் வருகிற பஸ்ஸின் டிரைவர் அவன். நட்சத்திரம், ராக்கெட் என்று எந்தப் பத்திரிகையில் எது வந்தாலும் கத்தரித்து வைத்துக்கொள்கிற ஆள். அன்று காலையும் முடிச்சு ஏறியதும் பிடித்துக்கொண்டான்.

"உள்ளேயே இருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறீங்களே மாமா. முந்திடுச்சா இல்லையா?"

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் லிஃப்ட் எப்ப கெட்டுப்போகும்ங்கறது மட்டும்தான்."

"பக்கத்து நட்சத்திரத்துக்குப் போக ஒளிக்கே நாலு வருஷத்துக்கு மேல ஆகுது மாமா. நம்ம ராக்கெட்டுல கிளம்பினா எழுபதாயிரம் வருஷம். அதனாலதான் எவனும் போக முடியாதுன்னு கையை விரிச்சிட்டாங்க. ஒளியை முந்தலாம்னு ஒரே ஒரு கதவு திறந்தா போதும், அவ்வளவுதான்!"

"ஆறு மணிக்கு வரவேண்டிய உன் வண்டி ஆறே காலுக்கு வருது. முதல்ல அதை முந்து பார்ப்போம்."

பஸ்ஸே சிரித்தது. மச்சானும் சிரித்தான். அவன் கோபித்துக்கொள்கிற ஜாதி இல்லை.

பத்து மணி இருக்கும். கருவிகள் அடுக்கிய ஏழாம் ரேக்குக்குப் பக்கத்தில் நின்று டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, துகள் டாக்டர். இந்த அளவீட்டுக்குப் பொறுப்பு அவர்தான். குள்ளமான உருவம், ஒட்ட வெட்டிய தலைமுடி. கையில் பதிவேட்டின் நகல். கண்ணுக்குக் கீழே கரி பூசிய மாதிரி இருந்தது.

"கடைசியா ஒரு தடவை கேட்டுக்கறேன் முடிச்சு. பதினாலு கேபிள்ல பதிமூணைக் கழட்டி அளந்துட்டோம். இந்த ரேக்குக்குப் பின்னால வர்ற ஒண்ணுதான் பாக்கி. பெட்டியிலேருந்து கடிகாரத்துக்குச் செய்தி கொண்டுபோறதே இதுதான். இதைக் கழட்டினா எல்லாமே நின்னுடும்னு இயக்குநர் விடவே மாட்டேங்கறார். பதிவேட்டுல நூத்திப் பன்னிரண்டு மீட்டர்னு இருக்கு. அதுக்கப்புறம் யாரும் கை வைக்கலையே?"

"இல்லைங்க மேடம்."

வாய் சொல்லிவிட்டது. அதிகாரிகள் கேள்வி கேட்டால் யோசிக்கும் முன்பே இல்லைங்க என்று வருவது அவருக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம். சொன்ன பிறகு எங்கோ ஒரு மூலையில் லேசாக உறுத்தியது. பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டார்.

"எவ்வளவுங்க மேடம் முந்துது?"

டாக்டரம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். "நாளைக்குத் தெரியத்தானே போகுது. அறுபது நானோ செகண்ட். ஒரு நொடியை நூறு கோடித் துண்டா நறுக்கி, அதுல அறுபது துண்டு."

"நிஜமாவே ஒளியை முந்த முடியுமா மேடம்?"

"நூறு வருஷமா எத்தனையோ பேர் முட்டிப் பார்த்துட்டாங்க, அசையலை. அசைஞ்சா என்னைவிட சந்தோஷப்படற ஆள் இருக்க முடியாது. ஆனா என் பக்கம் எங்கேயாவது ஓட்டை இருந்து, அதனால முந்தின மாதிரி தெரிஞ்சா..." சொல்லி முடிக்காமல் நகலை மடித்துக்கொண்டார். "அதுக்கப்புறம் நான் மணி பத்துன்னு சொன்னாக்கூட எவனும் நம்ப மாட்டான்."

அவர் போன பிறகும் முடிச்சு அங்கேயே நின்றார். அறுபது. கேபிள்காரனுக்கு ஒரு கணக்கு உண்டு. புதுக் கேபிள் இழுத்ததும் ஒரு கருவியை மாட்டிப் பார்ப்பார்கள். உள்ளே செய்தி ஒரு மீட்டர் ஓட ஐந்து நானோ நொடி ஆகும் என்று அது காட்டும். மீட்டருக்கு அஞ்சு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அறுபதை ஐந்தால் வகுத்தால் பன்னிரண்டு.

பன்னிரண்டு மீட்டர். முடிச்சு ஏழாம் ரேக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

நடந்தது இதுதான். பதினைந்து மாதத்துக்கு முன், எந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முதல் நாள், திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று மலையே அல்லோலகல்லோலப்பட்டது. சூப்பர்வைசர் ஏழாம் ரேக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, குடல் சரிஞ்ச மாதிரி தொங்குது? நாளைக்குக் கேமராவுல வரும். ஏதாவது செய்யுங்க" என்றான். முதலில் கேபிள் இழுத்த வெளி ஆட்கள் மிச்சத்தை வெட்டாமல் ஒரு சுருளாகத் தொங்கவிட்டுப் போயிருந்தார்கள். முடிச்சுக்கு அது இரண்டு மாதமாகவே கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. சிவப்பு வில்லை இருந்தது, உண்மைதான். கையெழுத்துப் போட வேண்டிய மூன்று அதிகாரிகளில் இரண்டு பேர் விருந்தாளிகளை அழைக்கப் போய்விட்டார்கள். கேபிளில் மின்சாரம் ஓடினால் சரி, நீளமாக இருந்தால் என்ன, குட்டையாக இருந்தால் என்ன? கட்டடத்து ஒயரிங்கில் அப்படித்தான். வெட்டினார். புதுக் கனெக்டர் போட்டார். கால் மணி நேர வேலை. பார்க்க லட்சணமாக இருந்தது. பதிவேட்டில் எழுதவில்லை.

இங்கே அப்படி இல்லை என்பது இப்போதுதான் புரிந்தது. செய்தி கேபிளில் ஓடி வருகிற நேரத்தைக் கணக்கில் கழித்துவிடுவார்கள். நூற்றுப் பன்னிரண்டு மீட்டருக்குக் கழிக்கிறார்கள். ஓடுவதோ நூறு மீட்டர். அறுபது அதிகமாகக் கழிந்துபோகிறது. துகள் அறுபது முந்தி வந்த மாதிரி தெரிகிறது. ஒளியை முந்தியது வேறு எதுவும் இல்லை, அவர் போட்ட வெட்டுதான்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடினார். நேராக மொட்டை மாடி. வெட்டிய சுருளை வீணாக்குவானேன் என்று அன்றைக்கே எடுத்து வந்து துணிக்கொடியாகக் கட்டியிருந்தார். ஈரத் துணிகளை உருவித் தரையில் போட்டுவிட்டுக் கொடியை அவிழ்க்க ஆரம்பித்தார். பின்னாலேயே மனைவி வந்துவிட்டாள்.

"என்னங்க இது? பைத்தியம் பிடிச்சிருக்கா? இப்பத்தானே பிழிஞ்சு போட்டேன்!"

"அந்த டேப்போட முனையைப் பிடி."

"என்ன விஷயம்னு சொல்லுங்க முதல்ல."

"பிடின்னு சொல்றேன்ல."

அவர் குரலைக் கேட்டு அவள் பிடித்தாள். பன்னிரண்டு மீட்டர் எட்டு சென்டிமீட்டர். முடிச்சு அப்படியே தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவளுக்குத் துகளும் ஒளியும் விளங்கவில்லை. பட்டியலும் சுருண்ட தாளும் நன்றாக விளங்கின.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. சூப்பர்வைசருக்கு வெட்டினது தெரியும். கணக்கு தெரியாது."

கணக்கும் தெரிந்திருந்தது. நாலு மணிக்கு அவனே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். சட்டையெல்லாம் வேர்வை. உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"அண்ணே, அறுபதுன்னு காதுல விழுந்துச்சு. அதுலேருந்து ஈரக்குலையே நடுங்குது. நான் நினைக்கறதுதானா?"

முடிச்சு மூலையில் கிடந்த சுருளைக் காட்டினார். அவன் அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"சரி, கேளுங்க. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எந்திரத்தை நிறுத்தறாங்க. பராமரிப்புன்னு ஒரு நாள் முழுக்க. பதினஞ்சு மாசத்துல இதுதான் முதல் தடவை. எல்லாரும் மேல கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கிட்டு இருப்பாங்க. நாம ரெண்டு பேரும் போறோம், இதை மறுபடி ஒட்டறோம், வர்றோம். நூத்திப் பன்னிரண்டு மீட்டர். பதிவேட்டுல இருக்கறபடியே. எவன் வந்து அளந்தாலும் சரியா இருக்கும்."

"அப்ப அந்தம்மா அறிவிக்கப் போறது?"

"அறிவிச்சிட்டுப் போகட்டும். நாளை மறுநாள்லேருந்து எந்திரம் ஓடினா முந்தாது. ஏதோ கோளாறு, சரியாப் போச்சுன்னு விட்டுடுவாங்க. படிச்சவங்க பாடு, அவங்க பார்த்துப்பாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்கண்ணே."

மனைவிதான் பேசினாள். நிதானமாகவே பேசினாள்.

"அவர் சொல்றபடி செஞ்சிட்டு வந்துடுங்க. வருஷா வருஷம் ஒரு மாசம் இந்த மனுஷன் வீட்டுல உட்கார்ந்து, திரும்பக் கூப்பிடுவாங்களோ மாட்டாங்களோன்னு கதவையே பார்த்துக்கிட்டு இருந்ததைப் பார்த்தவ நான். பத்தொன்பது தடவை பார்த்திருக்கேன். இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது."

மாடியில் கிடந்த துணிகளை அள்ளி மறுபடி அலசப் போய்விட்டாள்.

காலை ஏழேகாலுக்கு லிஃப்ட்டில் இறங்கினார்கள். எந்திரம் நின்றுவிட்டிருந்ததால் சுரங்கத்தில் வழக்கமான உறுமல் இல்லை. சொந்தச் செருப்புச் சத்தமே யாரோ பின்னால் வருகிற மாதிரி இருந்தது. சூப்பர்வைசர் கதவோரம் காவலுக்கு நின்றான். முடிச்சு ஏழாம் ரேக்குக்குப் பின்னால் புகுந்து மண்டியிட்டார். இரண்டு கனெக்டர், ஒரு இணைப்புக் குழல், கட்டர், கனெக்டரை அழுத்திப் பொருத்துகிற கிரிம்பிங் கருவி எல்லாவற்றையும் துணி விரித்து வரிசையாக வைத்தார். சுருளிலிருந்து சோப்பு வாசனை வந்தது. ஒரு முனையை உரித்தார். செப்பு பளபளவென்று இருந்தது. கனெக்டரைச் செருகி அழுத்தினார். ஒரு முனை முடிந்தது.

"எவ்வளவு நேரம்ணே?"

"சும்மா இரு."

இரண்டாவது முனையை எடுத்தார். கை உரித்துக்கொண்டே இருந்தது. மனசு வேறு எங்கேயோ போயிற்று. ஒயரிங் வேலையில் இருந்தபோது ஒரு தங்கும் விடுதியில் மூன்றாம் மாடி விளக்குகள் திடீர் திடீரென்று அணையும். அவரும் அவருடைய மேஸ்திரியும் பதினொரு நாள் சுவரை உடைத்துத் தேடினார்கள். பன்னிரண்டாம் நாள் தானாகவே சரியாகிவிட்டது. ஏன் வந்தது, ஏன் போயிற்று, கடைசி வரைக்கும் தெரியவில்லை. முதலாளி ரொம்பச் சந்தோஷப்பட்டார். மேஸ்திரிதான் ஆள் அதோடு உடைந்துபோனார். தான் போட்ட கம்பியையே நம்பாமல் நாலு தரம் பிரித்துப் பார்ப்பார். இரண்டு வருடத்தில் தொழிலையே விட்டுவிட்டார். கண்டுபிடித்துச் சரிசெய்த கோளாறு மனிதனை ஒன்றும் செய்யாது. தானாக வந்து தானாகப் போகிற கோளாறுதான் ஆளைத் தின்றுவிடும்.

இன்றைக்கு ஒட்டிவிட்டால் அந்தம்மா பதினோரு மணிக்கு முந்திவிட்டது என்பார். அடுத்த வாரம் முந்தாது. ஏன் என்று தேடுவார். பதினாலு கேபிளையும் அளப்பார். பதினாலும் சரியாக இருக்கும். பதிவேடு சரியாக இருக்கும். உயிர் உள்ளவரைக்கும் தேடுவார். கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் தேடுகிற இடத்தை முடிச்சு சுத்தமாகத் துடைத்துவிட்டிருப்பார்.

கட்டரைக் கீழே வைத்தார்.

"முடிஞ்சுதா?"

"இல்லை." சுருளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

சூப்பர்வைசர் கதவை மறித்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. "அண்ணே, விளையாடாதீங்க. எங்க போறீங்க?"

"அந்தம்மாகிட்ட."

"என் பிழைப்புல மண்ணள்ளிப் போடாதீங்கண்ணே. கால்ல வேணும்னாலும் விழறேன்."

"வெட்டினது என் கை. உன் பேரு என் வாயிலேருந்து வராது. நகரு."

"அவங்க கேட்பாங்க, யார் சொல்லி வெட்டினேன்னு."

"கேட்கட்டும். நகருடா."

நகர்ந்தான்.

டாக்டரம்மா தன் அறையில் திரையைப் பார்த்துத் தனியாகப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். மணி எட்டு ஆகவில்லை. முடிச்சு சுருளை மேசை மேல், அவருடைய காகிதங்களுக்கு நடுவில் வைத்தார்.

"என்ன இது?"

"பன்னிரண்டு மீட்டர் எட்டு சென்டிமீட்டருங்க மேடம். ஏழாம் ரேக் கேபிளோட மிச்சம். எந்திரம் ஓடறதுக்கு முதல் நாள் நான் வெட்டினது. எழுதி வைக்கலை."

டாக்டரம்மா சுருளைப் பார்த்தார். அவர் உதடு மெல்ல அசைந்தது. வகுத்துப் பார்க்கிறார் என்று முடிச்சுக்குத் தெரிந்தது.

"நேத்து கேட்டேனே! நிக்க வச்சுக் கேட்டேனே உங்களை!"

"கேட்டீங்க."

"ஆறு மாசம்! நிலநடுக்கத்துல மலை நகர்ந்திருக்குமோன்னு பார்த்தேன். நிலா இழுக்குதோன்னு பார்த்தேன். வெளிநாட்டுக் கடிகாரத்தையெல்லாம் சந்தேகப்பட்டேன். நீங்க என்னடான்னா..." குரல் உடைந்தது. உடனே இழுத்துப் பிடித்துக்கொண்டார். "வாங்க. கருவியை எடுங்க."

இரண்டு பேரும் ஏறக்குறைய ஓடினார்கள். முடிச்சு ஏழாம் ரேக்கிலிருந்து கேபிளைக் கழற்றினார். ஒருவேளை எண் வேறாக இருந்தால்? கணக்கு தப்பாகி, துகள் நிஜமாகவே முந்தியிருந்தால்? அப்படி இருக்கக்கூடாதா என்று ஒரு பக்கம் ஆசையாகவும் இருந்தது. வேலை எப்படியும் போகப் போகிறது. மச்சானுடைய நட்சத்திரமாவது மிஞ்சட்டுமே.

கருவியை மாட்டினார். பதிவேட்டில் உள்ள நீளத்துக்கு ஐந்நூற்று அறுபது நானோ நொடி காட்ட வேண்டும். திரையில் எண்கள் ஓடி, தடுமாறி, நின்றன. நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

டாக்டரம்மா மறுபடி அளக்கச் சொன்னார். நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. இன்னொரு தரம். அதே எண். அவர் தரையிலேயே, ரேக்கில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"இங்க உரிச்ச கம்பித் தோலெல்லாம் கிடக்கு. புதுக் கனெக்டர் கிடக்கு. ஒட்டத்தான் வந்தீங்க, இல்லையா?"

"ஆமாங்க."

"ஒட்டியிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"உங்களுக்கும் தெரிஞ்சிருக்காதுங்க மேடம். தேடிக்கிட்டே இருந்திருப்பீங்க. அது வேணாம்னுதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முடிச்சுக்குத் தாங்கியிருக்காது.

"யார் வெட்டச் சொன்னது?"

"பார்க்க அசிங்கமா இருந்துச்சு. வெட்டினேன்."

இயக்குநர் அறையில் கதவு சாத்தியபடி ஒரு மணி நேரம் கத்தல் கேட்டது. கூட்டத்தை ரத்து செய்ய இயக்குநர் பார்த்தார், டாக்டரம்மா விடவில்லை என்று பிறகு சொன்னார்கள். நிர்வாக அதிகாரி முடிச்சைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார், வெட்டினீர்களா என்று. ஆமாம் என்றதும் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டார். அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைக்கும்போது கழுத்து திடீரென்று லேசாகிவிட்ட மாதிரி இருந்தது.

காகிதம் தயாராகும் வரை கேன்டீனில் உட்காரச் சொன்னார்கள். அங்கே தொலைக்காட்சியில் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் வைத்த டீ ஆறி ஏடு படிந்தது. டாக்டரம்மா மேடையில் நின்றார். முகத்தைக் கழுவியிருந்தார்.

"ஒளியை எதுவும் முந்தவில்லை. எங்கள் கேபிள் ஒன்றின் நீளம் பதிவேட்டில் இருந்ததைவிடப் பன்னிரண்டு மீட்டர் குறைவு. இன்று காலை கண்டுபிடித்தோம். தவறு என்னுடைய அளவீட்டில்."

கூட்டத்தில் சலசலப்பு. ஒருவர் எழுந்து, கேபிளை யார் வெட்டியது என்று கேட்டார். "பொறுப்பு என்னுடையது" என்று மறுபடியும் சொன்னார். இன்னொருவர், அப்படியானால் நட்சத்திரங்களுக்குப் போவதெல்லாம் வெறும் கனவுதானா என்று கேலியாகக் கேட்டார்.

"இந்தப் பரிசோதனை தப்பு என்றுதான் சொன்னேன். முடியவே முடியாது என்று நிரூபித்துவிட்டதாகச் சொல்லவில்லை. இன்றுவரை தெரிந்த எல்லாமே முடியாது என்றுதான் சொல்கின்றன. எந்திரம் நாளை மறுநாள் திரும்ப ஓடும். அளப்போம்."

முடிச்சின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த குமாஸ்தா காகிதத்தை நீட்டினார். பட்டியல்களைத் தவிர மலைக்குள் அவருடைய சொந்தப் பெயர் எழுதிய தாள் அது ஒன்றுதான் என்று அவரே சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. முடிச்சு கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு மணி பஸ்ஸை மச்சான்தான் ஓட்டி வந்தான். மலை வாசலில் ஏறிய மாமாவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்ன மாமா இந்த நேரத்துல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

முடிச்சு முன் இருக்கையில் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் சொன்னார். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மச்சான் மூன்று நிறுத்தம் வரைக்கும் கதவை மட்டும் பார்த்து ஆளை ஏற்றி இறக்கினான். வானொலியில் செய்தி ஓடியது, அதை அணைத்தான்.

"அப்ப எனக்கு நட்சத்திரத்தைக் காட்டினதும் நீங்கதான், பிடுங்கினதும் நீங்கதானா?"

"ஆமாடா."

"நேத்து பூரா இந்த வண்டியில ஏறினவன் எல்லார்கிட்டயும் சொன்னேன் மாமா. இன்னைக்கு ஏறினவன் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கறான்."

"சிரிச்சிட்டுப் போறான். உனக்கு வேலை இருக்கு."

சிக்னலில் வண்டி நின்றது. ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடி கேட்டான்.

"அக்காகிட்ட சொல்லியாச்சா?"

"இல்லை. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"நானும் கூட வர்றேன். வண்டியை டிப்போவுல விட்டுட்டு ரெண்டு மணிக்கு வந்துடறேன். அதுவரைக்கும் வெளிய எங்கயாவது உட்கார்ந்திருங்க."

"வேணாம்டா. இதை நான்தான் சொல்லணும். இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சுச் சொன்னா மட்டும் வேற மாதிரியா இருக்கப் போகுது?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மச்சான் கியரைப் போட்டான். வீட்டு நிறுத்தத்துக்கு முன்னாலேயே, தெரு முனையில், நிறுத்தக்கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தி, "இறங்குங்க மாமா, நிறுத்தத்துலேருந்து நடக்க வேணாம்" என்றான்.

முடிச்சு இறங்கினார். பஸ் போகிற வரைக்கும் நின்றார். பிறகு வீட்டுப் படியேறி, கதவைத் தட்டினார்.